நியூ ஆர்லியன்ஸ் வழியாகச் சென்ற மார்மன் குடியேறிகளின் தடத்தைத் தேடுவது எப்படி: 1840 முதல் 1855 வரை

1840க்கும் 1855க்கும் இடையில் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, டென்மார்க் முதலிய நாடுகளிலிருந்து பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட மார்மன்கள் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபையினர்) அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அந்த நகரத்தில் தங்கியது ஓரிரு நாள்தான். வீடு எடுக்கவில்லை, வரி கட்டவில்லை, அங்கே வேலைக்கும் சேரவில்லை. கடல் கப்பலிலிருந்து இறங்கிய மூட்டை முடிச்சுகளோடு அப்படியே ஆற்று நீராவிப் படகில் ஏறி மிசிசிப்பியின் மேல்முகமாகப் போய்விட்டார்கள். ஆகவே, இவர்களில் ஒருவருடைய பயணத்தை ஆராயப் புகுபவர், "நியூ ஆர்லியன்ஸில் இறங்கினார்" என்ற ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அந்த நகரத்து ஆவணங்களைத் துழாவத் தொடங்கினால், பல வாரங்கள் வீணாகும். முதன்முறை தேடியபோது நான் செய்த பிழையும் அதுதான். தேட வேண்டியது நகரத்தின் இரண்டு விளிம்புகளில்: ஆள் கப்பலில் ஏறிய முனையிலும், ஆற்றுப் படகு ஆளைக் கொண்டு சேர்த்த முனையிலும். நடுவிலுள்ள துறைமுகத்தை அந்த இரண்டு முனைகளிலிருந்தும் அளந்துதான் நெருங்க முடியும்.

இந்த வழிகாட்டி அந்த அளவையைப் படிப்படியாக விளக்குகிறது. குடும்ப வரலாறு தேடுவோருக்கும், புலப்பெயர்வு பற்றி ஆய்வு செய்யும் மாணவர்களுக்கும், அந்தக் காலத்தைக் களமாக வைத்துப் புனைகதை எழுத நினைப்போருக்கும் இது பயன்படும்.

தொடங்கும் முன்: ஏன் இந்தத் துறைமுகம்?

மார்மன்கள் என்று பிறரால் அழைக்கப்பட்ட இவர்கள், 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் நிறுவிய சபையைச் சேர்ந்தவர்கள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அதன் முறையான பெயர். 1837இல் அதன் ஊழியர்கள், அதாவது மதம் பரப்பச் சென்றவர்கள், லிவர்பூலில் வந்திறங்கி, பிரஸ்டன் நகரில் பிரசங்கிக்கத் தொடங்கினார்கள். நெசவாலைத் தொழிலாளர்களும், சுரங்கத் தொழிலாளர்களும், சிறு கைவினைஞர்களும் அதிக அளவில் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்கள் ஒரே இடத்தில் கூடி வாழ வேண்டும் என்பது அந்தச் சபையின் அக்காலக் கோட்பாடு. அந்த இடம் 1839 முதல் 1846 வரை இல்லினாய் மாநிலத்தின் நாவூ. 1847க்குப் பிறகு யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்கு.

நாவூ மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருந்தது. லிவர்பூலில் ஏறி, நியூ ஆர்லியன்ஸில் படகு மாறினால், வண்டியோ நடையோ இன்றி நாவூ துறையிலேயே காலை வைக்கலாம். நியூயார்க்கில் இறங்கினால் கால்வாய், ஏரி, தரைவழி என்று பலமுறை மாற வேண்டும், செலவும் கூடும். ஏழைகள் நியூ ஆர்லியன்ஸைத் தேர்ந்ததற்குக் காரணம் இந்தக் கணக்கே. யூட்டாவுக்கு இடம் மாறிய பின்னும், செயின்ட் லூயிஸ் வரை ஆறும், அங்கிருந்து மிசௌரி ஆறும் பயன்பட்டதால் இதே வழி தொடர்ந்தது.

படி 1: ஆண்டையும் பருவத்தையும் சரிபாருங்கள்

நீங்கள் தேடும் நபர் எந்த ஆண்டு வந்தார் என்பது தோராயமாகவேனும் தெரிந்திருக்க வேண்டும். 1840 ஜூன் 6 அன்று லிவர்பூலிலிருந்து புறப்பட்ட முதல் குழுவினர் 41 பேரும் பிரிட்டானியா என்ற கப்பலில் நியூயார்க்குக்குத்தான் போனார்கள். 1855க்குப் பிறகு ஏறக்குறைய எல்லோரும் பிலடெல்பியா, பாஸ்டன், நியூயார்க் வழியாகவே வந்தார்கள். நாவூவிலிருந்து சபையினர் வெளியேற்றப்பட்ட 1846, 1847 ஆண்டுகளில் குடியேற்றம் ஏறத்தாழ நின்றுபோயிருந்தது. 1848 பிப்ரவரி 20 அன்று 120 பேருடன் நியூ ஆர்லியன்ஸுக்குப் புறப்பட்ட கப்பல்தான் மறுதொடக்கம். அந்தக் கப்பலின் பெயர் கர்நாடிக். நம் சோழமண்டலக் கரையை ஒட்டிய நிலப்பகுதியை ஆங்கிலேயர் அழைத்த பெயரைத் தாங்கிய கப்பலில் பிரிட்டிஷ் மார்மன்கள் அமெரிக்கா போனார்கள் என்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது. வேறு தொடர்பு எதுவும் இல்லை.

பருவமும் முக்கியம். கோடைக்காலத்தில் நியூ ஆர்லியன்ஸில் மஞ்சள் காய்ச்சல் பரவும் என்பதால், செப்டம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் கப்பல்களை அனுப்புவதே சபையின் வழக்கம். உங்கள் குடும்பக் கதை, "ஆகஸ்டு மாதம் நியூ ஆர்லியன்ஸில் இறங்கினார்" என்று சொன்னால், ஆண்டோ துறைமுகமோ மாதமோ, மூன்றில் ஒன்று பிழையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தீர்த்துக்கொள்ளாமல் மேலே போக வேண்டாம்.

படி 2: முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

சால்ட் லேக் நகருக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு, சமவெளியைக் கடந்த வண்டிக் குழுக்களின் பட்டியல்கள் உள்ளன. 1847 முதல் 1868 வரையிலான இந்தக் குழுக்களைச் சபையின் வரலாற்று நூலகம் தொகுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. குழுவின் பெயர், தலைவர், புறப்பட்ட நாள், சேர்ந்த நாள் ஆகியவை அதில் கிடைக்கும்.

வண்டிக் குழு ஜூன், ஜூலை மாதங்களில் மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்டிருந்தால், அதில் இருந்தவர் அதே ஆண்டு மார்ச் அல்லது ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸைக் கடந்திருக்கலாம். அதாவது ஜனவரி, பிப்ரவரியில் லிவர்பூலில் ஏறியிருக்கலாம். லிவர்பூலிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குப் பாய்மரக் கப்பலில் ஏழெட்டு வாரம் ஆகும். அங்கிருந்து செயின்ட் லூயிஸுக்கு ஏறக்குறைய 1,200 மைல். ஒரு வாரம் முதல் பன்னிரண்டு நாள். இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினால், பொருந்தக்கூடிய கப்பல்கள் மூன்று நான்குக்குள் அடங்கிவிடும்.

ஆனால் ஒரு கண்ணி உண்டு. பணம் தீர்ந்தவர்கள் செயின்ட் லூயிஸில் ஓராண்டோ ஐந்தாண்டோ தங்கி, கூலி வேலை செய்து, மாடும் வண்டியும் வாங்கிக்கொண்டுதான் மேலே போனார்கள். ஆகவே அதே ஆண்டில் கிடைக்கவில்லை என்றால் ஆள் வரவில்லை என்று முடிவுகட்டாமல், முந்தைய ஆண்டுகளையும் பாருங்கள்.

படி 3: லிவர்பூல் பதிவேட்டைக் கண்டுபிடியுங்கள்

இந்த ஆய்வில் மிக வளமான ஆவணம் இதுதான். பிரிட்டிஷ் அரசு, வெளியே போகும் பயணிகளின் பட்டியல்களை 1890 முதலே முறையாகப் பாதுகாத்தது. அதற்கு முந்தியவை பெரும்பாலும் இல்லை. ஆனால் மார்மன்களுக்கு அவர்களுடைய சபையே பயண முகவராகச் செயல்பட்டது. லிவர்பூலில், 1850களின் தொடக்கத்தில் வில்டன் தெரு 15ஆம் எண்ணில் இருந்த அலுவலகம், கப்பலை மொத்தமாக வாடகைக்குப் பேசி, முன்பணம் வாங்கி, படுக்கைகளை ஒதுக்கியது. அந்த அலுவலகத்தின் பதிவேடுகள் 1849 முதல் உள்ளன. பெயர், வயது, தொழில், வீட்டு முகவரி, செலுத்திய தொகை ஆகியவை குடும்பம் குடும்பமாக எழுதப்பட்டிருக்கும். ஒரு சாதாரணச் சுரங்கத் தொழிலாளி எந்தத் தெருவில் குடியிருந்தார் என்பதை வேறெந்தக் குடியேற்ற ஆவணமும் இவ்வளவு எளிதாகச் சொல்லாது.

பணம் கட்டிய விதத்தைக் கவனியுங்கள். 1849இல் தொடங்கப்பட்ட நிரந்தரக் குடியேற்ற நிதியிலிருந்து கடனாகப் பயணம் செய்தவர்கள் ஒரு வகை. அவர்கள் யூட்டா சேர்ந்த பின் உழைத்துத் திருப்பித் தர வேண்டும். 1853இல் லிவர்பூலிலிருந்து சால்ட் லேக் வரை முழுப் பயணத்துக்கும் பத்துப் பவுண்டு என்ற திட்டத்தில் வந்தவர்கள் இன்னொரு வகை. அது போதாமல் அடுத்த ஆண்டே 13 பவுண்டாக உயர்ந்தது. தம் சொந்தச் செலவில் கப்பல் கட்டணம் மட்டும் கட்டியவர்கள் மூன்றாம் வகை. செயின்ட் லூயிஸில் தங்கிவிட நேர்ந்தவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையினரே. எனவே பணக் குறிப்பு, அடுத்து எங்கே தேட வேண்டும் என்பதையும் சேர்த்தே காட்டும்.

ஸ்காண்டிநேவியர்கள் விஷயத்தில் பயணம் லிவர்பூலில் தொடங்குவதில்லை. கோபன்ஹேகனில் கூடி, ஜெர்மன் துறைமுகங்கள் வழியாக இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹல் நகருக்கு வந்து, ரயிலில் லிவர்பூல் சேர்ந்தார்கள். 1853 ஜனவரி 16 அன்று 297 ஸ்காண்டிநேவியர்களுடன் புறப்பட்ட ஃபாரஸ்ட் மோனார்க் இவ்வழியின் முதல் பெரிய குழு. இவர்களைத் தேடும்போது பெயர் முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். தந்தை பெயரோடு மகன் என்று பொருள்படும் 'சென்' சேர்த்தால் அதுவே குடும்பப் பெயர். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். தந்தை பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொள்ளும் நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஆனால் அமெரிக்க எழுத்தருக்கு இது புரியவில்லை என்பதைப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும்.

படி 4: கப்பலுக்குள் இருந்த ஒழுங்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு தலைவரும் இரு ஆலோசகர்களும் நியமிக்கப்பட்டார்கள். கீழ்த்தட்டு பல வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, விடியற்காலையில் துப்புரவு, பிறகு பிரார்த்தனை, முறைவைத்துச் சமையல், இரவுக் காவல் என்று நடந்தது. மணமாகாத ஆண்களும் பெண்களும் கப்பலின் எதிரெதிர் முனைகளில் தங்கவைக்கப்பட்டார்கள். இதனால் நமக்கு என்ன பயன்? தலைவரோ எழுத்தரோ பயணம் முடிந்ததும் லிவர்பூல் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவார். அது சபையின் பிரிட்டிஷ் இதழான மில்லேனியல் ஸ்டாரில் அச்சாகும். பிறப்பு, இறப்பு, திருமணம், புயல், நீர்த் தட்டுப்பாடு எல்லாம் அதில் இருக்கும். 1853இல் வந்த இன்டர்நேஷனல் கப்பலில் கேப்டனே ஞானஸ்நானம் பெற்றார் என்ற செய்தி இப்படித்தான் பரவியது.

உணவுக்குச் சட்ட அளவு இருந்தது. 1849ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பயணிகள் சட்டப்படி ஒருவருக்கு நாளுக்கு மூன்று குவார்ட் தண்ணீர். வாரத்துக்கு இரண்டரை ராத்தல் ரொட்டி, ஒரு ராத்தல் கோதுமை மாவு, ஐந்து ராத்தல் ஓட்ஸ் மாவு, இரண்டு ராத்தல் அரிசி, அரை ராத்தல் சர்க்கரை, அரை ராத்தல் வெல்லப்பாகு, இரண்டு அவுன்ஸ் தேயிலை. மூன்று குவார்ட் என்பது மூன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. குடிப்பதும் சமைப்பதும் கழுவுவதும் அதற்குள்ளேதான். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுடைய நாளை எழுத விரும்பும் கதாசிரியர், இந்த ஒரு எண்ணிலிருந்தே தொடங்கலாம்.

படி 5: முகத்துவாரத்தில் மூன்று தேதிகளைப் பிரித்தறியுங்கள்

வந்த தேதி ஆவணத்துக்கு ஆவணம் மாறுவது புதியவர்களைக் குழப்பும். பெரும்பாலும் அதில் பிழை இருக்காது. நியூ ஆர்லியன்ஸின் நிலவமைப்பே அப்படி. நகரம் கடற்கரையில் இல்லை. கடலிலிருந்து ஆற்றின் வழியே நூறு மைலுக்கும் மேல் உள்ளே இருக்கிறது. முகத்துவாரத்தில் வண்டல் படிந்து மணல்திட்டுகள் எழுந்திருக்கும். ஆழம் போதாத கப்பல்கள் அங்கே தரைதட்டி நாள்கணக்கில் நிற்கும். வழிகாட்டி மாலுமி ஏறிய பின், நீராவி இழுவைப் படகு வந்து, இரண்டு மூன்று கப்பல்களை ஒன்றாகப் பிணைத்து மேலே இழுத்துச் செல்லும்.

ஆகவே ஒரு பயணி தம் நாட்குறிப்பில், நிறம் மாறிய கலங்கல் நீரைக் கண்ட நாளையே 'அமெரிக்காவை அடைந்தோம்' என்று எழுதுவார். குழுத் தலைவர், நகரக் கரையில் கப்பல் கட்டப்பட்ட நாளை எழுதுவார். சுங்க அலுவலகமோ, கேப்டன் வந்து சத்தியம் செய்து பட்டியலைக் கொடுத்த நாளை எழுதும். மூன்றுக்கும் இடையே ஒரு வாரத்துக்கு மேல்கூட இருக்கலாம். உங்கள் குறிப்பேட்டில் மூன்று பத்திகள் போட்டு மூன்றையும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள்; ஒன்றைச் சரி, மற்றதைப் பிழை என்று அடிக்க வேண்டாம்.

இந்த நூறு மைல் பயணம் நாட்குறிப்புகளில் மிக விரிவாக வரும் பகுதி. எட்டு வாரம் நீரை மட்டுமே பார்த்தவர்களுக்கு இருபுறமும் பசுமை. கரும்புத் தோட்டங்கள், வெள்ளை மாளிகைகள், அவற்றுக்குப் பின்னால் வரிசையாக அடிமைகளின் குடிசைகள். கறுப்பின அடிமைகள் வயலில் வேலை செய்வதைப் பலர் வாழ்வில் முதன்முறையாக இங்கேதான் கண்டார்கள்.

படி 6: சுங்கப் பட்டியலைக் கவனத்தோடு படியுங்கள்

1819ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின்படி, வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு கப்பலின் தலைவரும் பயணிகளின் பட்டியலைச் சுங்க அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் பட்டியல்கள் 1820 முதல் உள்ளன. அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகம் அவற்றை மைக்ரோஃபிலிமில் எடுத்து வைத்திருக்கிறது. குடும்ப வரலாற்று இணையதளங்களிலும் அவற்றின் படிமங்கள் கிடைக்கின்றன. பெயர், வயது, பால், தொழில், எந்த நாட்டவர், எந்த நாட்டில் குடியேறப் போகிறார், வழியில் இறந்தாரா என்ற பத்திகள் இருக்கும். மதம் என்ற பத்தி கிடையாது. அதாவது, இந்தப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் மார்மனா என்று சொல்லவே முடியாது. லிவர்பூல் பதிவேட்டோடு பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிட்டால்தான் முடியும்.

ஒரு பக்கத்தை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். 1849 பிப்ரவரி 26 அன்று கேப்டன் டேன் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் ஊழியர் தலைமையில் 249 வேல்ஸ்காரர்கள் பியூனா விஸ்டா கப்பலில் லிவர்பூலை விட்டார்கள். ஏப்ரல் 18 அன்று நியூ ஆர்லியன்ஸை அடைந்தார்கள். வேல்ஸ் குழு என்றால் ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், தாமஸ், எவான்ஸ் என்ற சில குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். முதற்பெயர்களும் ஜான், வில்லியம், மேரி, மார்கரெட் என்று சிலவே. எனவே பெயரை வைத்துத் தேடாதீர்கள். குடும்பத்தின் வடிவத்தை வைத்துத் தேடுங்கள். நாற்பது வயது ஆண், முப்பத்தெட்டு வயதுப் பெண், பதினைந்து, பன்னிரண்டு, ஒன்பது, இரண்டு வயதில் நான்கு பிள்ளைகள்; இந்த ஏணி மற்றொரு குடும்பத்துக்கு அப்படியே பொருந்துவது அரிது. ஓரிரு வயது கூடக்குறைய இருந்தாலும் ஏணியின் படிகளுக்கு இடையிலான தூரம் மாறாது.

அடுத்து, மேற்படிக் குறிகள். ஒரு சுரங்கத் தொழிலாளிக்குக் கீழே இரண்டு சிறு கோடுகள் போட்டு எழுத்தர் பக்கம் முடியும்வரை இறங்கியிருப்பார். அந்தப் பக்கத்தில் இருந்த தையற்காரரும் செருப்புத் தைப்பவரும் சுரங்கத் தொழிலாளிகள் ஆகிவிடுவார்கள். தொழிலுக்கு லிவர்பூல் பதிவேட்டை நம்புங்கள். பிள்ளைகளின் வயதிலும் எச்சரிக்கை தேவை. 1850களின் தொடக்கத்துப் பிரிட்டிஷ் சட்டம் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருவரை ஒரு பெரியவராகக் கணக்கிட்டதால், கட்டணமும் பாதி. பதினான்கை ஒட்டிய வயதுகள் குறைத்துச் சொல்லப்பட்டிருக்கலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பேருந்தில் அரை டிக்கெட்டுக்காகக் குனிந்து நின்ற பிள்ளைகளுக்கு இது புதிதல்ல.

கடலில் பிறந்த குழந்தை பட்டியலின் கடைசியில் தனியாகவோ, பெயரே இல்லாமலோ இருக்கும். இறந்தவர் லிவர்பூல் பதிவேட்டில் இருப்பார், இங்கே இருக்கமாட்டார், அல்லது கடைசிப் பத்தியில் ஒரு குறி மட்டும் இருக்கும். இறுதி நேரத்தில் பயணத்தைக் கைவிட்டவரும் இதேபோல் காணாமல்போவார். எனவே பட்டியலில் பெயர் இல்லாததை மரணத்தின் சான்றாக எடுத்துக்கொள்ளாமல், குழுத் தலைவரின் கடிதத்தைத் தேடுங்கள்.

இணையத்தில் செயின்ட்ஸ் பை சீ என்ற தரவுத்தளம், கப்பல் வாரியாகப் பயணிகளையும் நாட்குறிப்புகளையும் ஒருங்கே தருகிறது. தொடங்குவதற்கு மிக நல்ல இடம். ஆனால் அங்குள்ள பெயர், யாரோ ஒருவர் கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்தது. மூலப் படிமத்தை ஒருமுறையேனும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

படி 7: கரையில் கழிந்த ஒரு நாளை மீட்டெடுங்கள்

நியூ ஆர்லியன்ஸின் கரை என்பது ஆற்று வெள்ளத்தைத் தடுக்கும் நீண்ட மண் அணை. ஆறு பெருகிய காலத்தில் நகரத்தின் தெருக்கள் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். அந்த அணையின் மேல் மைல்கணக்கில் பஞ்சுப் பொதிகளும் சர்க்கரைப் பீப்பாய்களும் குவிந்திருக்க, ஒருபுறம் பாய்மரக் கப்பல்களும் மறுபுறம் நீராவிப் படகுகளும் நெருங்கி நிற்கும். 1850 கணக்கெடுப்பில் இந்த நகரத்தின் மக்கள்தொகை ஒரு லட்சத்துப் பதினாறாயிரத்தைத் தாண்டியிருந்தது.

கப்பல் கட்டப்பட்டதும் சுங்க அதிகாரி ஏறிப் பெட்டிகளைப் பார்ப்பார். அவருக்கு முன்பாகவோ பின்பாகவோ, வேலை வாங்கித் தருவதாகவும் விடுதி காட்டுவதாகவும் சொல்லும் தரகர்கள் ஏறுவார்கள். சபை இதற்காகவே பல ஆண்டுகள் அங்கே ஒரு முகவரை வைத்திருந்தது. அவர் கப்பலுக்கு வந்து, ஆங்கிலேயப் பவுன் நாணயத்தை ஐந்து டாலருக்குச் சற்றுக் குறைவான நியாய விலைக்கு மாற்றிக் கொடுத்து, ஆற்றுப் படகின் கேப்டனோடு கட்டணம் பேசி முடிப்பார். பேச்சு முடிந்ததும், பெட்டிகள் ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்துக்கு மாறும். அதுவரை பயணிகள் கப்பலிலேயே தூங்கலாம். விடுதிச் செலவு மிச்சம். விடுதிப் பதிவேடுகளில் இவர்கள் பெயர் கிடைக்காததற்குக் காரணம் இதுவே.

அந்த ஓரிரு நாள் இடைவெளியில் நகரத்தைச் சுற்றிப் பார்த்தவர்கள் எழுதியவை கவனத்துக்குரியவை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறந்திருந்தது பக்தியுள்ள ஆங்கிலேயக் குடும்பங்களுக்கு அதிர்ச்சி. அடிமைச் சந்தையைப் பார்த்ததைச் சிலர் வெறுப்போடும், சிலர் விலைப்பட்டியல் எழுதுவதுபோல் உணர்ச்சியின்றியும் குறித்திருக்கிறார்கள். இந்த இரண்டாம் வகைக் குறிப்புகளை மென்மையாக்காமல் அப்படியே பதிவு செய்வதுதான் நேர்மை என்பது என் கருத்து.

இந்தப் படியில் பார்க்க வேண்டிய நகர ஆவணம் ஒன்று உண்டு: செய்தித்தாள்கள். 1837இல் தொடங்கிய பிக்கயூன் நாளிதழின் கப்பல் செய்திப் பகுதியில், எந்தக் கப்பல் எந்த நாள் எந்த இழுவைப் படகோடு வந்தது, எத்தனை நாள் பயணம் என்பவை இருக்கும். ஆள் பெயர் இருக்காது. ஆனால் படி 5இல் சொன்ன மூன்று தேதிகளையும் நேர்செய்ய இது உதவும்.

படி 8: ஆற்றுப் படகைத் தேடுங்கள்

உள்நாட்டுப் பயணம் என்பதால் ஆற்றுப் படகுகளுக்குச் சுங்கப் பட்டியல் கிடையாது. ஆள் பெயரோடு எதையும் எதிர்பார்க்காதீர்கள். படகின் பெயரைக் கண்டுபிடிப்பதே இங்கு இலக்கு. நாட்குறிப்புகளும், குழுத் தலைவரின் கடிதமும், செயின்ட் லூயிஸ் செய்தித்தாள்களின் ஆற்றுச் செய்திகளும் அதைத் தரும்.

மார்மன்கள் பெரும்பாலும் கீழ்த்தளப் பயணிகள். கட்டணம் இரண்டு மூன்று டாலர் அளவு. சரக்கு, விறகு, கால்நடை, கொதிகலன் இவற்றுக்கு நடுவே இடம்பிடித்து, தாமே சமைத்துக்கொள்ள வேண்டும். 1843, 1844இல் நாவூவுக்குப் போனவர்களுள் சிலர், மேலே சொன்ன டேன் ஜோன்ஸ் கேப்டனாக இருந்த மெய்ட் ஆஃப் அயோவா என்ற சிறு படகில் போனார்கள்.

ஆறும் பல உயிர்களை வாங்கியது. பியூனா விஸ்டாவில் வந்த வேல்ஸ்காரர்கள் கடலைப் பெரும் இழப்பின்றிக் கடந்தார்கள். செயின்ட் லூயிஸுக்கு மேல் மிசௌரி ஆற்றில் போகும்போது காலரா புகுந்து அவர்களில் பலரைக் கொன்றது. உடல்கள் ஆற்றங்கரையில் அவசரமாகப் புதைக்கப்பட்டன. 1852 மார்ச்சில் கென்னபெக் கப்பலில் நியூ ஆர்லியன்ஸ் வந்தவர்களுள் ஒரு பகுதியினர் சலூடா என்ற படகில் மிசௌரி ஆற்றில் போனார்கள். ஏப்ரல் 9 அன்று மிசௌரி மாநிலத்தின் லெக்சிங்டன் நகருக்கு அருகே அதன் கொதிகலன் வெடித்தது. அனாதையான பிள்ளைகளில் சிலரை அந்த ஊர்க் குடும்பங்களே எடுத்து வளர்த்தன. ஆகவே, உங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளை 1852க்குப் பின் சபை ஆவணங்களிலிருந்து மறைந்தால், லெக்சிங்டன் கணக்கெடுப்பைப் பாருங்கள்.

படி 9: செயின்ட் லூயிஸ்

இந்த நகரத்தில் மார்மன்களுக்குப் பெரிய கிளைச் சபை இருந்தது. அதன் உறுப்பினர் பதிவேடுகளும், 1854 நவம்பர் முதல் ஓராண்டு காலம் சபைத் தலைவர்களுள் ஒருவரான எராஸ்டஸ் ஸ்னோ நடத்திய லூமினரி என்ற இதழும் உள்ளன. நியூ ஆர்லியன்ஸில் வந்திறங்கியவரின் அடுத்த உறுதியான சான்று பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும்.

படி 10: நாட்குறிப்பையும் நினைவுக் குறிப்பையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்

அன்றன்று எழுதியது வேறு. நாற்பதாண்டு கழித்துப் பேரப்பிள்ளைகளுக்காக எழுதியது வேறு. பின்னதில் கப்பல் பெயர் மாறும், புயல் பெரிதாகும், பின்னால் கேட்ட கதைகள் கலந்துவிடும். நினைவுக் குறிப்பிலிருந்து மணம், சுவை, அச்சம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள், தேதியை எடுக்காதீர்கள். நாட்குறிப்பு எழுதாதவருக்கு, அவரோடு அதே கப்பலில் வந்த வேறொருவரின் நாட்குறிப்பு போதும்; ஒரே தட்டில் எட்டு வாரம் வாழ்ந்தவர்கள் அவர்கள்.

ஒரு முழு எடுத்துக்காட்டு: சார்லஸ் பக், 1855

எல்லாப் படிகளையும் ஒரே கப்பலில் பொருத்திப் பார்க்கலாம். இதைத் தேர்ந்ததற்குத் தமிழ் வாசகர்களுக்குரிய ஒரு காரணம் உண்டு. ரிச்சர்ட் பாலன்டைன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1849இல் சால்ட் லேக் நகரின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர், 1853, 1854 ஆண்டுகளில் ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன் ஆகியோருடன் சென்னைக்கு வந்து ஊழியம் செய்தார். இங்கே ஒரு சிறு இதழையும் அச்சிட்டார். சேர்ந்தவர்கள் சொற்பமானவர்களே. 1854இல் உடல்நலம் குன்றிச் சென்னையிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து போனார்.

அவரை முடிவிலிருந்து தேடுவோம். 1855 செப்டம்பர் 25 அன்று சால்ட் லேக் அடைந்த வண்டிக் குழுவின் தலைவராக அவர் பெயர் இருக்கிறது. அந்தக் குழு ஜூலை 1 அன்று கன்சாஸ் பகுதியில் ஆட்சிசனுக்கு அருகே, வண்டிக் குழுக்கள் கூடிய இடமான மார்மன் குரோவிலிருந்து புறப்பட்டது. பின்னோக்கி எண்ணினால் மார்ச் மாத அளவில் துறைமுகத்தைக் கடந்திருக்க வேண்டும். லிவர்பூல் பக்கம் போனால், ஜனவரி 17 அன்று 403 பேருடன் நியூ ஆர்லியன்ஸுக்குப் புறப்பட்ட சார்லஸ் பக் கப்பலின் தலைவர் அவரே. கப்பல் மார்ச் நடுவில் நியூ ஆர்லியன்ஸ் சேர்ந்தது. கணக்கு பொருந்துகிறது. இனி அந்த 403 பேரில் எத்தனை பேர் அவருடைய வண்டிக் குழுவிலும் இருக்கிறார்கள், எத்தனை பேர் செயின்ட் லூயிஸில் கழன்றுகொண்டார்கள் என்று இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்து எண்ணுவது ஒரு வார இறுதிக்குரிய நல்ல வேலை.

சார்லஸ் பக், இந்த வழியில் வந்த கடைசிக் குழுக்களுள் ஒன்று. 1853 கோடையில் நியூ ஆர்லியன்ஸில் மஞ்சள் காய்ச்சலுக்கு ஏறத்தாழ 8,000 பேர் பலியானார்கள்; ஆற்றில் காலரா ஓயவில்லை. 1854 ஆகஸ்டில், அப்போது சபையின் தலைவராக இருந்த பிரிகாம் யங் லிவர்பூலுக்குக் கடிதம் எழுதி, இனி நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்ப வேண்டாம், பிலடெல்பியா, பாஸ்டன், நியூயார்க் என்ற வரிசையில் அனுப்புங்கள் என்று பணித்தார். அந்தக் குளிர்காலத்தில் ஏற்கெனவே ஏற்பாடான கப்பல்கள் வந்து தீர்ந்த பின், 1855 வசந்தத்திலிருந்து வழி மாறியது. அதே ஆண்டு ஆகஸ்டு தொடக்கத்தில் நியூயார்க்கில் காசில் கார்டன் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டது. நீங்கள் தேடும் நபர் அதற்குப் பின் வந்தவர் என்றால், படி 5, 7, 8 மூன்றையும் விட்டுவிட்டு, அவற்றின் இடத்தில் காசில் கார்டனையும், அங்கிருந்து மேற்கே அயோவா நகர் வரை போன ரயில்களையும் வைத்துக்கொண்டு தேடலைத் தொடருங்கள்.